மலேரியா ஒழிந்த தீவில் இன்னும் எதற்கு இரத்தப் பரிசோதனை?

ரோஸ் ஹில் வாசகி:
என் அண்ணன் மடகாஸ்கரில் வேலை முடிந்து போன வாரம் திரும்பினார். பிளெசான்ஸ் விமான நிலையத்தில் முகவரி எழுதி வாங்கினார்கள். அப்புறம் சுகாதாரத் துறைக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து, விரலில் குத்தி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் போனார். மொரீசியஸில் மலேரியா ஒழிந்தது என்று 1973-லேயே உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்துவிட்டதே! பிறகு எதற்கு இது? அமெரிக்காவே விலகுவதாக அறிவித்த அந்த நிறுவனத்தால் நமக்கு என்ன பயன்?

போர்ட் லூயிஸ்காரன்:
ஜெனீவாவில் உட்கார்ந்து அறிக்கை விடுகிறார்கள், அவ்வளவுதான். வீடு வீடாக ஏறி இறங்குவது நம் ஆட்கள், சம்பளம் நம் வரிப்பணம்.

செயின்ட் ஆந்த்ரே, ரியூனியன்:
2005-06 சிக்குன்குனியாவில் எங்கள் தீவில் மூன்றில் ஒருவர் படுத்தார். என் மாமியார் காப்பி டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் மாதக்கணக்கில் தவித்தார். அதன் பிறகுதான் இந்தியப் பெருங்கடல் ஆணையம் நோய்க் கண்காணிப்பு வலையமைப்பு ஒன்றைத் தொடங்கியது. கொமோரோஸ், மடகாஸ்கர், மொரீசியஸ், சீஷெல்ஸ், நாங்கள் எல்லோரும் அதில் இருக்கிறோம்.

திரியோலே, ஓய்வுபெற்ற சுகாதார ஊழியர்:
போர்ட் லூயிஸ் தம்பி சொல்வது பாதி சரி. வெயிலில் தெருத் தெருவாக அலைந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் அம்மா, சான்றிதழ் கொசுவை ஒழிக்காது. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசு இன்றும் இங்கே இருக்கிறது. 1975-ல் ஜெர்வேஸ் புயல் வீடுகளைத் தரைமட்டமாக்கியது. கட்டுமான வேலைக்கு மலேரியா உள்ள நாடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள், நோயும் கூடவே வந்தது. சான்று வாங்கி இரண்டே வருடம்! மறுபடி ஒழிக்க 1990-களின் கடைசி வரை ஆயிற்று. அதனால்தான் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

எந்த நாட்டில் என்ன நோய் கிளம்பியிருக்கிறது என்று நமக்கு யார் சொல்வது? 2003-ல் சார்ஸ் என்ற தொற்றுநோய் பரவிய பிறகு சர்வதேச சுகாதார விதிமுறைகளைத் திருத்தி எழுதினார்கள். உலகத்துக்கே ஆபத்தாகலாம் என்று ஒரு நோயை மதிப்பிட்டால், 24 மணி நேரத்துக்குள் அந்த நாடு உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மறைக்கும் நாட்டைத் தண்டிக்க அந்த நிறுவனத்துக்கு அதிகாரம் இல்லை. அந்தக் குறை எனக்கும் உண்டு. ஆனால் 2017-ல் மடகாஸ்கரில் நுரையீரல் பிளேக் பரவியபோது சுமார் 12 லட்சம் டோஸ் ஆன்டிபயாடிக் அனுப்பியது அவர்கள்தான். பக்கத்துத் தீவில் அணைத்த நெருப்பு அது. நம் வரிப்பணத்தில் மட்டும் அதைச் செய்திருக்க முடியுமா, தம்பி?

அம்மா, ஊர் திரும்பிச் சில வாரம் கழித்தும் மலேரியா தலைகாட்டலாம். அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டால், மடகாஸ்கர் போய் வந்ததை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லச் சொல்லுங்கள்.