மீனை விட்டு சில மாசம் ஆச்சு, வீட்ல எல்லாரும் சாப்புடறாங்க, எப்படி சமாளிக்கறது?

ராயபுரம்_ரெண்டாம்_லைன்:

வணக்கம் மக்களே. நான் காசிமேடு பக்கம் பொறந்து வளர்ந்தவன். தாத்தா கட்டுமரத்துல போனவரு, அப்பா லாஞ்சுல போனவரு, நான் தான் படிச்சுட்டு கிண்டில ஆபீஸ் வேலைக்குப் போறேன். இந்த வருஷம் பொங்கலுக்கு அப்புறம் கறி மீன் எல்லாத்தையும் விட்டுட்டேன். சாமிக்கு வேண்டிக்கிட்டதும் இல்ல, டாக்டர் சொன்னதும் இல்ல. ஒரு உயிரை எடுத்துத்தான் நான் சாப்புடணுமான்னு மனசுல ரொம்ப நாளா ஓடிட்டே இருந்துச்சு, போதும்னு தோணிச்சு, விட்டுட்டேன். முட்டையும் இல்ல. பால் தயிர் மட்டும் சேத்துக்கறேன்.

கோழி ஆடெல்லாம் எனக்கு ஞாபகமே வரல. மீன் தான் கஷ்டமா இருக்கு. மீன்பிடி தடைக்காலத்துல, ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும், வெல ஏறிப்போய் வீட்லயே மீன் கம்மியா தான் வாங்குனாங்க, அதனால எனக்கு ஒண்ணும் பெருசா தெரியல. இப்ப லாஞ்சு எல்லாம் திரும்ப போக ஆரம்பிச்சுடுச்சு, காலைல எழுந்தா பக்கத்து வீடு, எதிர் வீடு, எங்க வீடுன்னு எங்க பாத்தாலும் அந்த வாசனை தான். முக்கியமா முந்தின நாள் சங்கரா கொழம்பை காலைல இட்லிக்கு ஊத்தி சாப்புடுவோமே, அதை நெனச்சா நாக்கு கேக்குது.

ரெண்டாவது, சாயங்காலம் 4 மணி ஆனா உடம்பு அப்படியே தொவண்டு போகுது, என்ன சாப்ட்டாலும் ஒரு மணி நேரத்துல திரும்ப பசி. இது எதனால, டெஸ்ட் எதாவது எடுக்கணுமா?

மூணாவது அம்மா. அவங்க சண்டை எல்லாம் போடல, "கடல் போட்ட சோறுடா இது, உனக்கு மட்டும் எப்படி பாவமாச்சு"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டாங்க, அதுக்கப்புறம் அந்தப் பேச்சே இல்ல. ஆனா எனக்குன்னு தனியா சாம்பார் வெக்கும்போது அவங்க மொகத்த பாக்க முடியல. பொண்ணுக்கு நாலு வயசு, அப்பா ஏன் நெத்திலி சாப்புடலன்னு கேக்குது. அதுக்கும் என்ன சொல்றதுன்னு தெரியல. இந்த மாதிரி வீட்ல இருந்துக்கிட்டே சைவத்துக்கு மாறினவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

பெரம்பூர்_செல்வி:

தம்பி, நான் கல்யாணத்துக்கு முன்னாடியே விட்டவ, வந்து சேர்ந்த எடம் ஞாயித்துக்கிழமை ரெண்டு வகை கறி இல்லாம விடியாத வீடு. இன்னிக்கு வரைக்கும் எல்லாருக்கும் நான் தான் சமைக்கறேன், நான் மட்டும் சாப்புடறதில்ல. அதனால தைரியமா சொல்றேன், முடியும்.

நீங்க தேடறது மீனோட சதையை இல்ல, கொழம்பை. அந்தக் கொழம்போட ருசி எல்லாம் புளி, மில்லுல அரைச்ச கொழம்பு மொளகாத்தூள், நல்லெண்ணெய், வெந்தயம், சின்ன வெங்காயம், மாங்கா இதுல தான் இருக்கு, இதுல எதுவுமே உங்களுக்கு வெலக்கு இல்ல. நம்மள்ல பாதி பேர் சைவத்துக்கு மாறினதும் அந்தத் தூளையும் சேத்து விட்டுட்டு வெறும் பருப்பு சாம்பாரும் உருளைக்கெழங்கு பொரியலுமா சாப்புடறாங்க, அப்புறம் ஒரு மாசத்துல வெறுத்துப் போகுது.

இப்படி பண்ணுங்க. வாழைக்காயையும் சேனையையும் மீன் துண்டு மாதிரி கொஞ்சம் தடியா சீவிக்கோங்க, மொளகாத்தூள், மஞ்சள், உப்பு, கெட்டி புளித்தண்ணி, ஒரு ஸ்பூன் அரிசி மாவு போட்டு பெரட்டி அரை மணி நேரம் ஊற விட்டு தோசைக்கல்லுல எண்ணெய் விட்டு ரெண்டு பக்கமும் செவக்க விடுங்க. சேனைய மட்டும் முன்னாடியே புளித்தண்ணில அரை வேக்காடு வெச்சுடணும், இல்லாட்டி தொண்டை அரிக்கும். கொழம்பை எப்பவும் போல கூட்டி கொதிக்க விட்டு, கத்தரிக்கா, முருங்கக்கா, கிளிமூக்கு மாங்கா போட்டு, கூட ஊறவெச்சு வேகவெச்ச மொச்சையும் சேத்து எண்ணெய் பிரியற வரைக்கும் சின்ன தீயில விடுங்க. வறுத்த வாழைக்காயை எறக்கும்போது தான் போடணும், முன்னாடியே போட்டா ஊறி கொழஞ்சுடும். இதை ராத்திரி வெச்சு காலைல இட்லிக்கு ஊத்திப் பாருங்க. மீன் கொழம்பு தான்னு நான் சொல்ல மாட்டேன், அது வேற இது வேற, ஆனா நாக்கு அடங்கும். கருவாடு கேக்கற நாள்ல சுண்டக்கா வத்தல் கொழம்பு வெச்சு பழையசோத்துக்கு தொட்டுக்கோங்க.

இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம்னு நான் நெனைக்கறேன். வீட்ல மீன் வறுக்கும்போது மூக்கப் பொத்தறது, எழுந்து போறது, தட்டை தள்ளி வெக்கறது இதெல்லாம் வேணாம். இந்த ஊர்ல "வெஜிடேரியன்ஸ் மட்டும்"னு போர்டு போட்டு வீடு குடுக்க மாட்டேன்னு நம்மள அனுப்பினவங்க இருக்காங்க, அந்த வலி உங்க அம்மாவுக்கும் தெரிஞ்சிருக்கும். பையனும் நம்மள அப்படித்தான் பாக்கறானோன்னு அவங்களுக்கு ஒரு நிமிஷம் கூட தோணக்கூடாது. அவங்க பக்கத்துல உக்காந்தே சாப்புடுங்க.

கீரைக்கட்டு:

நான் டயட்டீஷியன், ஆஸ்பத்திரில தான் வேலை. 4 மணி பசிக்கு வர்றேன்.

மீனை எடுத்துட்டீங்க, அந்த எடத்துல என்ன வெச்சீங்க? நீங்க எழுதினதுல சாம்பார் மட்டும் தான் தெரியுது. 100 கிராம் மீன்ல கிட்டத்தட்ட 20 கிராம் புரதம் வரும், ஒரு கரண்டி சாம்பார்ல அதுல கால்வாசி கூட வராது. ஐசிஎம்ஆர், அதாவது மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், சொல்ற கணக்கு உடம்பு எடைல கிலோவுக்கு 0.83 கிராம் புரதம், நீங்க 65 கிலோ இருந்தா ஒரு நாளைக்கு 54 கிராம். சாதம் இட்லிலேர்ந்தே கொஞ்சம் வந்துடும், மீதிக்கு தெனமும் பயறு வகை ஒரு வேளையாவது தட்டுல பெருசா இருக்கணும், தொட்டுக்க இல்ல. 50 கிராம் கருப்பு கொண்டைக்கடலை ஊறவெச்சு சுண்டல் பண்ணா 10 கிராம் வருது. அதே 50 கிராம் மீல்மேக்கர்னா 25 கிராம் தாண்டும், தெனம் வேணாம், வாரத்துல ரெண்டு மூணு தடவை போதும். ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7 கிராம். ஆபீஸுக்கு சுண்டல் எடுத்துட்டுப் போங்க, 4 மணிக்கு டீயும் பிஸ்கட்டும் வேணாம். வாயு புடிக்குதுன்னா ஊறவெச்ச தண்ணிய கொட்டிட்டு புதுத்தண்ணில பெருங்காயம், இஞ்சி போட்டு வேகவைங்க, கொஞ்சம் கொஞ்சமா அளவ கூட்டுங்க, குடல் பழகிடும்.

புரதம் அமினோ அமிலங்களால ஆனது, அரிசில லைசின்னு ஒரு அமினோ அமிலம் கம்மி, பருப்புல அது நெறைய, பருப்புல கம்மியா இருக்கறது அரிசில இருக்கு. ரெண்டையும் ஒரே வேளைல தான் சாப்புடணும்னு கட்டாயமில்ல, அன்னிக்குள்ள சாப்ட்டா சரி.

பி12 பத்தி எல்லாரும் பயமுறுத்துவாங்க. மாமிசம் சாப்ட்டு வந்தவங்களுக்கு ஈரல்ல அது வருஷக்கணக்குல தாங்கற அளவு சேமிப்பு இருக்கும், அதனால சில மாசத்துல வந்த சோர்வுக்கு பி12 காரணமா இருக்க வாய்ப்பு கம்மி. ஆனா அது மெதுவா எறங்கும், எறங்கறது தெரியாது, கை கால் மதமதப்பு, நாக்கு எரிச்சல், மறதின்னு வரும்போது நரம்பு ஏற்கெனவே பாதிச்சிருக்கலாம். ஒரு நாளைக்கு தேவை 2 மைக்ரோகிராமுக்கு கொஞ்சம் மேல. கால் லிட்டர் பால்ல 1 மைக்ரோகிராம் வாக்குல கெடைக்கும். செடில இது கெடையாது. பழையசோறு, ஸ்பைருலினா ரெண்டுலயும் இருக்குன்னு வாட்ஸ்அப்ல சுத்துது, அதை நம்பி இருந்துடாதீங்க. இப்பவே ஹீமோகுளோபின், ஃபெர்ரிட்டின் (உடம்புல இரும்பு சேமிப்பு எவ்வளவுன்னு காட்டறது), பி12, வைட்டமின் டி நாலும் எடுத்து வெச்சுக்கோங்க, வருஷத்துக்கு ஒரு தடவை பாருங்க, கொறைஞ்சா டாக்டர் சொல்ற மாத்திரைய போட்டுக்கறதுல ஒரு வெக்கமும் இல்ல.

இரும்புச்சத்து கீரை பயறுல இருக்கு, ஆனா உடம்பு அதை மீன் கறில இருக்கற இரும்பு அளவுக்கு எடுத்துக்காது. எலுமிச்சை, தக்காளி, நெல்லிக்கா எதாவது புளிப்பு கூட இருந்தா நல்லா ஏறும். சாப்ட்ட ஒடனே காபி டீ குடிக்காதீங்க, ஒரு மணி நேரம் தள்ளுங்க. மீன் விட்டதால ஒமேகா 3 போகும், ஆளிவிதைய வறுத்து பொடிச்சு இட்லிப்பொடில கலந்துக்கோங்க, மீன்ல இருக்கற அதே வகை ஒமேகா இதுல இல்ல, உடம்பு கொஞ்சத்தைத்தான் மாத்திக்கும், இருந்தாலும் சேத்துக்கறது நல்லது.

மிண்ட்_சைக்கிள்:

ப்ரோ, வெளிய சாப்புடும்போது நாலு விஷயம் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. குஸ்கா சைவம் இல்ல, கறியோட வெந்த பிரியாணி சோறு தான் அது, பீஸ் மட்டும் தான் இல்ல. பரோட்டா மாவுல பல கடைல முட்டை ஊத்துவாங்க, வெஜ் சால்னான்னு குடுக்கறதுலயும் அடில ஒரே சால்னாவா இருக்கலாம், கேட்டுட்டு சாப்புடுங்க. பாய் வீட்டு கல்யாணத்துல தால்ச்சால எலும்பு இருக்கும், கத்தரிக்கா வாங்கிக்கலாம், முன்னாடியே சொல்லிட்டா அவங்களே தனியா பாத்துப் பண்ணுவாங்க, மனசு கோணாம பண்ணுவாங்க. ரோட்டோர ஃப்ரைட் ரைஸ் கடைல ஒரே சட்டி தான். பாக்கெட் பொருள்னா பச்சை புள்ளி பாருங்க, முட்டை இருந்தாலும் சட்டப்படி அது அசைவக் குறி தான் போடணும். ஜெல்லி மிட்டாய் வாங்கும்போதும் பாருங்க, ஜெலட்டின் மாட்டு எலும்பு, பன்னித் தோல்லேர்ந்து எடுக்கறது.

உங்களுக்கு சவுகார்பேட்டை பக்கம் தான, சாயங்காலம் வந்தீங்கன்னா தெருல பெரும்பாலும் சைவக்கடை தான், அதிகம் கேக்காமலே சாப்புடலாம்.

நெத்திலி_தொக்கு:

நான் மீன் சாப்புடறவன், விடற எண்ணமும் இல்ல. உங்க முடிவு உங்களோடது, அதை மதிக்கறேன். ஒண்ணே ஒண்ணு, கொழந்தைய இதுக்குள்ள இழுக்காதீங்க. சைவத்துல கொழந்தை வளராதுன்னு நான் சொல்லல, பால் பருப்பு எல்லாம் பாத்து குடுத்தா வளரும். ஆனா அது ஒங்க ரெண்டு பேரும் சேந்து உக்காந்து முடிவு பண்ண வேண்டியது, உங்க மனைவி என்ன நெனைக்கறாங்கன்னு நீங்க எழுதவே இல்லயே? பாப்பா கேட்டா "அப்பாவுக்கு வேணாம்னு தோணிச்சுமா, உனக்கு புடிச்சிருந்தா சாப்புடு"ன்னு சொல்லுங்க. மீன் பாவம், வலிக்கும்னு நாலு வயசுல சொல்லி, அது பாட்டி தட்டைப் பாத்து அழுதா யாருக்கு என்ன லாபம். வளந்து அதுவே கேக்கும், அப்ப சொல்லிக்கலாம்.

ஏழுகிணறு_பெரியவர்:

தம்பி, எனக்கு வயசாச்சு, போன்ல டைப் பண்றது மெதுவா தான் வரும். உங்க பக்கத்துல தான், ஏழுகிணத்துல இருக்கேன். வள்ளலார் சின்ன வயசுல இருந்த தெரு எங்க பேட்டைல தான் இருக்கு, இங்கேர்ந்து கந்தகோட்டம் முருகன் கோயிலுக்கு நடந்து போயி பாடினவரு அவரு. உயிர்க்கொலை கூடாதுன்னு அவ்வளவு கண்டிப்பா சொன்னவரு, ஆனா கவுச்சி சாப்புடறவங்களா இருந்தாலும் பசின்னு வந்தா பசியாத்தணும்னு தான் பாடினாரு. 1867ல வடலூர்ல தருமசாலை தொடங்கினப்ப ஏத்தின அடுப்பு இன்னும் எரியுது, வர்றவங்கள நீ என்ன ஜாதி, வீட்ல என்ன சாப்புடறன்னு யாரும் கேக்கறதில்ல, எல தான் போடுவாங்க.

அம்மா கேட்டது ஞாயமான கேள்வி. கடலுக்குப் போயி திரும்பி வருவாரா மாட்டாரான்னு கரைல நின்னு பாத்த குடும்பம் உங்களது, அந்த காசுல தான் நீங்க படிச்சீங்க. அதுக்கு வாதம் பண்ணி பதில் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. நீங்க விட்டது மீனைத்தான், அவங்க கைச்சோறை இல்லன்னு அவங்களுக்கு தெரியணும். அந்த பெரம்பூர் பொண்ணு சொன்ன கொழம்பை நீங்களே வெக்காதீங்க, அம்மாவ வெக்கச் சொல்லுங்க. அவங்க தூள், அவங்க புளி, அவங்க கைப்பக்குவம். சாம்பார் வெக்கறது அவங்களுக்கு யாருக்கோ சமைக்கற மாதிரி இருக்கும், இது அப்படி இருக்காது.

ராயபுரம்_ரெண்டாம்_லைன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நெத்திலி தொக்கு அண்ணே, மனைவி சாப்புடறாங்க, என்னை ஒண்ணும் சொல்லல, பாப்பா விஷயத்துல நீங்க சொன்ன மாதிரியே விட்டுடறேன். கீரைக்கட்டு மேடம் சொன்ன நாலு டெஸ்ட்டும் இந்த சனிக்கிழமை குடுக்கப் போறேன். பெரியவரே, நீங்க எழுதினத மனைவிகிட்டயும் படிச்சுக் காட்டினேன்.

அம்மாகிட்ட வாழைக்கா கொழம்பு கேட்டேன், ஒடனே "மொச்சை ஊறவெக்கணும்ல, முந்தின நாளே சொல்ல மாட்டியா"ன்னாங்க. அதுலயே பாதி பாரம் எறங்கிச்சு. செல்விக்கா, ஒரு சந்தேகம், அம்மா கொழம்பு வெக்கறது மண்சட்டில தான், வருஷக்கணக்கா மீன் வெச்ச சட்டி. எவ்வளவு தேச்சாலும் வாசனை இருக்கு. அதுலயே வெக்கலாமா, வேற வாங்கணுமா?

பெரம்பூர்_செல்வி:

வேற வாங்குங்க தம்பி, மண்ணு இழுத்த வாசனை போகவே போகாது, கொதிக்கும்போது திரும்ப வெளிய வரும், உங்களுக்கும் மனசு அலைபாயும். அம்மாவ கூட்டிட்டுப் போயி அவங்களயே தட்டிப் பாத்து வாங்கச் சொல்லுங்க, ஓட்டைச் சட்டின்னா சத்தத்துலயே தெரிஞ்சுடும். வாங்கினதும் ஒரு நாள் முழுக்க தண்ணில முக்கி வைங்க, அப்புறம் அரிசி கழுவின தண்ணிய ஊத்தி சின்ன தீயில கொதிக்க விட்டு, ஆறினதும் கொட்டிட்டு வெயில்ல காயவைங்க, இதை மூணு நாள் பண்ணுங்க. கடைசில உள்ள நல்லெண்ணெய் தடவி ராத்திரி பூரா விட்டுடுங்க. மொத கொழம்புக்கே பெரிய தீ வெக்கக் கூடாது, விரிசல் விட்டுடும். சோப்பு போட்டு கழுவாதீங்க, தேங்கா நாரும் சாம்பலும் போதும், சாம்பல் இல்லாட்டி கடலமாவு.