மூன்றாவது லேப்பில் கவனம் சிதறுகிறது

கேள்வி:
வணக்கம். நான் 50 மீட்டர் குளத்தில் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்துகிறேன். முதல் இரண்டு லேப்பும் பயிற்சியில் அமைவது போலவே அமைகின்றன. ஆனால் 100 மீட்டரில் சுவரை உதைத்துத் திரும்பியதும், மூச்சு வாங்கும்போதெல்லாம் கண் பக்கத்து லேனிலேயே போய் நிற்கிறது. அவர் முந்துகிறாரா என்று பார்ப்பதற்குள் என் கைவீச்சு குறுகிவிடுகிறது. மனத்தை எப்படி நிலைநிறுத்துவது?

பதில் 1:
கவனமாக இருக்கவேண்டும் என்று மனத்துக்குக் கட்டளையிட்டால் அது கேட்காது. அதற்கு ஒரு வேலை கொடுங்கள். நான் சொல்வது கைவீச்சுகளை எண்ணுவது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதிப் போட்டியில் அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் நீச்சல் கண்ணாடிக்குள் நீர் நிறைந்து, சுவர் கண்ணுக்குத் தெரியாமல் போனபோது, அவர் கைவீச்சுகளை எண்ணியே நீந்தி, 1 நிமிடம் 52.03 விநாடியில் உலக சாதனையுடன் வென்றார். அந்த எண்ணிக்கை பயிற்சியிலேயே உடம்பில் ஊறியிருந்ததால்தான் அன்று கைகொடுத்தது. போட்டி நாளில் புதிதாக எண்ணத் தொடங்கினால் அதுவே தொல்லையாகிவிடும்.

பதில் 2:
எண்ணுவதோடு, தலையையும் கவனியுங்கள். மூச்சு வாங்கும்போது ஒரு கண் நீருக்குள்ளேயே இருக்கவேண்டும். பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கவேண்டும் என்ற ஆவலில் இரு கண்களும் மேலே வந்தால் தலை உயரும், இடுப்பு தாழும், நீரின் தடை கூடும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அதே 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதியில், தென்னாப்பிரிக்க வீரர் சாட் லே க்ளோஸ் பக்கத்து லேனில் இருந்த ஃபெல்ப்ஸைத் திரும்பிப் பார்க்கும் படம் உலகெங்கும் பரவியது. ஃபெல்ப்ஸ் தங்கம் வென்றார், லே க்ளோஸ் நான்காவதாக வந்தார். அந்தப் பார்வை ஒன்றுதான் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. ஆயினும் பார்ப்பதால் நம் வேகம் கூடப்போவதில்லை.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இன்று பயிற்சியில் எண்ணிப் பார்த்தேன். முதல் லேப்பில் 38 கைவீச்சு, மூன்றாவதில் 44. எப்போதும் வலப்பக்கமே மூச்சு வாங்குவதால், முதல் லேப்பில் பார்த்த அதே ஆளைத்தான் மூன்றாவதிலும் பார்க்கிறேன் என்பதும் இப்போதுதான் புரிந்தது.

பதில் 1:
மூன்றாவது லேப்பில் மட்டும் இடப்பக்கம் மூச்சு வாங்கிப் பழகலாம், ஆனால் அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். அதற்கு முன், களைத்த நிலையில் 50 மீட்டரை 40 கைவீச்சுக்குள் முடிக்கப் பாருங்கள். வேகத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.