3 போட்டோ எடுத்ததும் அணைந்துவிடும் பழைய கேமரா: சரி செய்யலாமா, தூக்கிப் போடலாமா?

உப்பளத்துக்காரன்:
வணக்கம். பீரோவைச் சுத்தம் செய்யும்போது அப்பாவின் பழைய டிஜிட்டல் கேமரா கிடைத்தது. 2007-இல் வாங்கியது, 7 மெகாபிக்சல், 4 மடங்கு ஜூம், இரண்டு பென்சில் பேட்டரி போடுகிற வகை. ஜப்பான் கம்பெனிதான், பெயரைப் போட்டால் பிராண்டுச் சண்டை ஆரம்பித்துவிடும் என்பதால் போடவில்லை. பையைத் திறந்தால் கேமரா, யுஎஸ்பி வயர், 2 ஜிபி கார்டு, மடித்து வைத்த வாரண்டி அட்டை, காய்ந்து இற்றுப்போன ஒரு ரப்பர் பேண்ட், எப்போதோ வைத்த சிலிக்கா ஜெல் பொட்டலம் எல்லாம் இருந்தன.

பிரச்சினை என்னவென்றால், புது செல் போட்டு ஆன் செய்தால் லென்ஸ் அழகாக நீள்கிறது, மூன்று அல்லது நான்கு போட்டோ எடுத்ததும் "பேட்டரியை மாற்றவும்" என்று காட்டி அப்படியே அணைந்துவிடுகிறது, லென்ஸ் உள்ளே கூடப் போவதில்லை, நீட்டியபடியே நிற்கிறது. இரண்டு ஜோடி செல் மாற்றிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் தேதி வேறு கேட்கிறது. 64 ஜிபி கார்டு போட்டால் கார்டு பிழை என்கிறது, பழைய 2 ஜிபி மட்டும் எடுக்கிறது.

பக்கத்தில் ஒரு கடையில் காட்டினேன், திறந்துகூடப் பார்க்காமல் "போர்டு போயிடுச்சு" என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவோ "அது நல்லாத்தான் இருக்கு, உனக்குத்தான் பேட்டரி போடத் தெரியல" என்கிறார். மூன்று வாரத்தில் திருக்கடையூரில் தாத்தாவுக்குச் சதாபிஷேகம். அதற்குள் இது தேறுமா?

வெட்டிப்பேச்சு:
கையில் போன் இருக்கிறதல்லவா? அதில் எடுங்கள். முடிந்தது வேலை.

உப்பளத்துக்காரன்:
போனில் எடுக்கத்தான் போகிறேன், போட்டோக்காரரும் வருகிறார். தாத்தாவின் 70-வது பிறந்தநாளை அப்பா இந்தக் கேமராவில்தான் எடுத்தார். அதனால் ஒரு பத்துப் படமாவது இதில் எடுக்க ஆசை. அவ்வளவுதான்.

சர்வீஸ் மேசை:
தம்பி, என்ன செல் போட்டீர்கள்? வாங்கிய இடம், விலை, மேலே எழுதியிருப்பது எல்லாம் சொல்லுங்கள். போர்டு போயிருந்தால் லென்ஸே நீளாது, மூன்று போட்டோவும் வந்திருக்காது. அந்தக் கடைக்காரர் சொன்னதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள்.

உப்பளத்துக்காரன்:
தெருமுனைப் பெட்டிக்கடையில் வாங்கினேன் அண்ணாச்சி. ஜோடி 20 ரூபாய். சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் செல். 1.5 வோல்ட் என்று போட்டிருக்கிறது, வீட்டு மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால் 1.58 காட்டுகிறது. புது செல்தான், சந்தேகமே இல்லை.

சர்வீஸ் மேசை:
புது செல்தான், ஆனால் இந்த வேலைக்கு ஆகாத செல். கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் போடுவது துத்தநாக-கார்பன் வகை. கடிகாரம் துளித்துளியாகத்தான் கரண்ட் இழுக்கும், அதற்கு வருஷக்கணக்கில் வரும். கேமரா அப்படியல்ல. லென்ஸ் மோட்டார் சுற்றும்போதும், பிளாஷ் சார்ஜ் ஆகும்போதும், பின்திரை எரியும்போதும் ஒரே சமயத்தில் ஏராளமாக இழுக்கும். குடம் நிறையத் தண்ணீர் இருந்தாலும் வாய் குறுகலாக இருந்தால் என்ன செய்வது, அந்தக் கதைதான். கரண்ட் இழுத்த நொடியில் செல்லின் வோல்ட் சட்டென்று இறங்குகிறது, செல் தீர்ந்துவிட்டது என்று கேமரா நினைத்து அணைகிறது. நீங்கள் மல்டிமீட்டரில் சும்மா வைத்து அளந்தால் 1.58 காட்டத்தான் செய்யும், அப்போது அது எந்தச் சுமையும் தூக்கவில்லையே.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல் வாங்குங்கள், 2000 எம்ஏஎச் (செல் பிடிக்கும் சார்ஜின் அளவு) போதும். அதன் மேல் 1.2 வோல்ட் என்றுதான் போட்டிருக்கும், குறைவாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், சுமை ஏறினாலும் கிட்டத்தட்ட அதே வோல்ட்டில் நிற்கும். எனலூப் பிராண்ட் மாதிரி, சும்மா வைத்தாலும் சீக்கிரம் சார்ஜ் இறங்காத வகையாகப் பார்த்து வாங்குவது நல்லது. அவசரத்துக்கு லித்தியம் ஏஏ செல் (ஏஏ என்றால் பென்சில் அளவு; ரீசார்ஜ் ஆகாதது, 1.5 வோல்ட்) போடலாம், நன்றாக உழைக்கும், விலைதான் கடிக்கும். ஆல்கலைன் போட்டால் கொஞ்சம் வரும், திருப்தியாக இருக்காது.

ஓட்டை டார்ச்:
14500 என்று லித்தியம் செல் வருகிறதே, இதே அளவுதான், பவர் அதிகம். அதைப் போடலாமே?

சர்வீஸ் மேசை:
ஐயோ, வேண்டாம். அளவு ஒன்றுதான், ஆனால் அது 3.7 வோல்ட். இரண்டு போட்டால் 7.4. மூன்று வோல்ட்டுக்குச் செய்த கேமராவில் அதைப் போட்டால், கடைக்காரர் சொன்ன "போர்டு போயிடுச்சு" உண்மையாகிவிடும்.

சர்வீஸ் மேசை:
மீதி இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். தேதி நிற்காததற்கு உள்ளே இருக்கும் சின்ன நாணய பேட்டரி தீர்ந்திருக்க வேண்டும். சில மாடல்களில் ஏஏ செல் போடும் குழிக்குள்ளேயே ஒரு குட்டித் தட்டில் அது இருக்கும், நகத்தால் இழுத்தால் வரும், எண்ணைப் பார்த்து அதையே வாங்குங்கள். அப்படி ஒன்றும் தென்படவில்லையென்றால் போர்டில் பற்ற வைத்த வகையாக இருக்கலாம், அதற்காகக் கேமராவைத் திறக்காதீர்கள். பிளாஷ் கெப்பாசிட்டர் 300 வோல்ட் அளவுக்குச் சார்ஜ் பிடித்து வைத்திருக்கும், செல்லைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும், நான் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டு ஸ்டூலோடு பின்னால் சாய்ந்தவன்.

கார்டு விஷயம் எளிது. 2 ஜிபி வரை சாதா எஸ்டி, அதற்கு மேல் 32 வரை எஸ்டிஎச்சி, அதற்கும் மேல் எஸ்டிஎக்ஸ்சி. எஸ்டிஎக்ஸ்சி என்ற தரமே 2009-இல்தான் வந்தது. 2007 கேமராவுக்கு 64 ஜிபி கார்டு எதிர்காலத்தில் இருந்து வந்த பொருள், அதில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் எக்ஸ்ஃபேட் அமைப்பை அதற்குப் படிக்கத் தெரியாது. 4 அல்லது 8 ஜிபி எஸ்டிஎச்சி எடுக்கும் என்று நினைக்கிறேன், கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். உங்களுக்கு 2 ஜிபியே தாராளம், 7 மெகாபிக்சல் படம் ஒன்று சுமார் 3 எம்பி என்று வைத்தாலும் 600 படம் பக்கம் வரும்.

சிசிடி பைத்தியம்:
நண்பா, தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள்!! அந்தக் காலக் கேமராக்களில் படம் பிடிக்கும் சில்லு சிசிடி வகை சென்சார், இப்போதுள்ள சிமாஸ் வகை இல்லை. அந்த நிறம் இப்போது எந்தப் போனிலும் வராது. தோல் நிறம், மாலை வெயில், பட்டுப்புடவைச் சிவப்பு, ஆகா. நான் இப்போது நான்கு வைத்திருக்கிறேன், இன்னொன்று வந்துகொண்டிருக்கிறது.

அளவுகோல்:
ஐந்தாவது வாங்குவதற்கு முன் ஒரு விஷயம். சிசிடி என்றாலும் சிமாஸ் என்றாலும் நிறத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சென்சாரின் மேலுள்ள வண்ண வடிகட்டியும், அந்தக் கம்பெனி ஜேபெக் படத்தைச் சமைக்கும் விதமும்தான். அன்றைக்குக் கொஞ்சம் காரமாகச் சமைத்தார்கள், இன்றைக்குப் போன்கள் நிழலை எல்லாம் தூக்கி, முகத்தை மெழுகி, பல படங்களைக் கலந்து ஒன்றாகத் தருகின்றன. உங்களுக்குப் பிடித்திருப்பது அந்தக் கலப்படம் இல்லாத படம். அதற்கு சிசிடி என்று பெயர் வைத்து விலையை ஏற்றிவிட்டார்கள்.

அந்த சென்சார் இருக்கும் அளவையும் பாருங்கள், பெரும்பாலும் 1/2.5 இன்ச் என்பார்கள், உண்மையில் 5.8க்கு 4.3 மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. வெயிலில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) 80-இல் கண்ணாடி மாதிரி எடுக்கும், இருட்டுக்காக ஐஎஸ்ஓ 400-க்குப் போனால் படம் முழுக்கப் புள்ளிபுள்ளியாக, ரவை உப்புமா.

சிசிடி பைத்தியம்:
உப்புமாவும் எனக்குப் பிடிக்கும். போங்க சார்.

அளவுகோல்:
சரி, அது உங்கள் விருப்பம். ஆனால் பழைய சிசிடி வாங்குகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்: 2005 அக்டோபர் வாக்கில் பல கேமரா கம்பெனிகள் அடுத்தடுத்து இலவச ரிப்பேர் அறிவித்தன. சென்சாருக்குள் இருந்த மெல்லிய வயர் இணைப்பு சூட்டிலும் ஈரக்காற்றிலும் விட்டுப்போய், படம் ஊதாவாகவோ கோடுகோடாகவோ கறுப்பாகவோ வந்தது. எல்லோருக்கும் சென்சார் செய்து கொடுத்தது ஒரே இடம். சூடும் ஈரமும் நம் கடற்கரை ஊர்களுக்குச் சொல்லவா வேண்டும். கேட்டவரின் கேமரா அதற்குப் பிறகு வந்தது, மூன்று படமும் ஒழுங்காக வந்திருக்கின்றன, அவருக்கு இந்தக் கவலை இல்லை.

மதுரைக்காரி:
நான் கேனான் பவர்ஷாட் ஏ570 ஐஎஸ் வைத்திருக்கிறேன், அதுவும் 2007-தான், 7.1 மெகாபிக்சல், இரண்டு ஏஏ செல், இவர் சொல்வது மாதிரியே ஒரு வகை. இத்தனை வருஷம் கழித்தும் ஓடுகிறது. எனக்கு அதில் பிடித்தது கண்ணை வைத்துப் பார்க்கிற அந்தச் சின்ன ஓட்டை. மொட்டை வெயிலில் பின்திரை ஒன்றும் தெரியாது, அப்போது அந்த ஓட்டைதான் கைகொடுக்கும், திரையை அணைத்துவிட்டால் செல்லும் மிச்சம். ஷட்டர் வேகம், துளை அளவு இரண்டையும் நாமே வைக்கலாம், நான் போட்டோ எடுக்கக் கற்றுக்கொண்டதே அதில்தான்.

பிடிக்காததும் உண்டு. பிளாஷ் அடித்தால் அடுத்த பிளாஷுக்குக் காத்திருக்க வேண்டும், அதற்குள் தாலி கட்டி முடித்துவிடுவார்கள். பட்டனை அழுத்துவதற்கும் படம் விழுவதற்கும் நடுவே ஒரு தயக்கம் இருக்கும், அதனால் பாதி அழுத்திப் பிடித்து ஃபோகஸ் ஆனதும் காத்திருந்து, சரியான நேரத்தில் மீதியை அழுத்த வேண்டும். வீடியோ 640க்கு 480, எதிர்பார்க்காதீர்கள்.

திருக்கடையூர் என்பதால் இன்னொன்று. ஹோமப் புகைக்கு நேரே பிளாஷ் அடிக்காதீர்கள். வெளிச்சம் புகையில் பட்டுத் திரும்பி வரும், தாத்தா பாட்டிக்குப் பதிலாக வெள்ளைப் படலம்தான் விழும். மண்டபத்துக்குள் பிளாஷ் மூன்று மூன்றரை மீட்டர் தாண்டாது, நாலாவது வரிசையில் நின்றுகொண்டு ஜூம் செய்தால் இன்னும் மோசம், ஜூம் நீள நீள லென்ஸ் வாங்கும் வெளிச்சம் குறையும். கலசத் தண்ணீர் ஊற்றும்போது வெளியே நல்ல வெளிச்சத்தில் உட்கார வைத்திருந்தால் பிளாஷை அணைத்துவிட்டு, ஜூமைத் தொடாமல், நீங்கள் நடந்து பக்கத்தில் போய் எடுங்கள். தாத்தாவின் அருமைப் பேரன், யார் தடுக்கப் போகிறார்கள்?

வெட்டிப்பேச்சு:
7 மெகாபிக்சலில் எடுத்து என்ன செய்வது, பிரிண்ட் போட முடியுமா?

அளவுகோல்:
3072க்கு 2304 புள்ளி. இன்ச்சுக்கு 300 புள்ளி என்று பிரிண்ட் போட்டாலும் 10 இன்ச் அகலம் வரும். ஆல்பத்துக்குத் தாராளம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், 7 என்ன, 70 மெகாபிக்சலும் ஒன்றுதான்.

உப்பளத்துக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. ரீசார்ஜ் செல் நான்கும் சார்ஜரும் வாங்கி, ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டேன். மூன்று போட்டோவில் அணைந்தது இப்போது நாற்பது வரை போகிறது! நாணய பேட்டரியும் அண்ணாச்சி சொன்ன குட்டித் தட்டில்தான் இருந்தது, மாற்றிவிட்டேன், தேதி நிற்கிறது.

ஆனால் முழுக்கச் சரியாகவில்லை. சில சமயம் நிறையச் சார்ஜ் இருக்கும்போதே பட்டென்று அணைகிறது. குறிப்பாகச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்தால். "பேட்டரியை மாற்றவும்" என்றுகூடக் காட்டுவதில்லை. செல் குழிக்குள் ஸ்பிரிங்கில் லேசாக வெள்ளை பூத்திருக்கிறது.

சர்வீஸ் மேசை:
திருப்பினால் அணைகிறது என்றால் தொடர்பு விட்டு விட்டுப் பிடிக்கிறது. அந்த வெள்ளை, பழைய செல் கசிந்தது. ஆல்கலைன் கசிவாக இருந்தால் பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடையுங்கள், நுரைத்து அடங்கும். அப்புறம் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். குழிக்குள் ஊற்றிவிடாதீர்கள், குச்சி ஈரமாக இருந்தால் போதும்.

அதையும் செய்துவிட்டு ஒரு சோதனை. ஆன் செய்து, செல் மூடியைக் கட்டைவிரலால் உள்பக்கமாக அழுத்திப் பிடித்தபடி கேமராவை இப்படியும் அப்படியும் திருப்புங்கள். அணைகிறதா?

உப்பளத்துக்காரன்:
துடைத்தேன், ஸ்பிரிங் பளபளவென்று ஆகிவிட்டது. மூடியை அழுத்திப் பிடித்தால் எப்படித் திருப்பினாலும் அணையவில்லை. விட்டால் அணைகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், மூடியின் ஓரத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் கொக்கி பாதி உடைந்திருக்கிறது, மூடி அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

சர்வீஸ் மேசை:
அதுதான். இரண்டு ஸ்பிரிங்கும் உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும், அந்தத் துக்குனூண்டு கொக்கி எத்தனை வருஷம் தாங்கும். சூப்பர் குளூ போடாதீர்கள், அடுத்த முறை திறக்க வராது, ஆவி பட்டு லென்ஸும் மங்கலாம்.

மதுரைக்காரி:
ஒரு நிமிஷம். முதல் பதிவில் பைக்குள் ஒரு ரப்பர் பேண்ட் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே?

உப்பளத்துக்காரன்:
அட.

அப்பாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன்.

உப்பளத்துக்காரன்:
கேட்டேன். தாத்தாவின் 70-வது பிறந்தநாளுக்கு முதல் நாளே கேமரா கீழே விழுந்து கொக்கி உடைந்ததாம். அன்றைக்குப் பூரா ரப்பர் பேண்டைக் குறுக்கே மாட்டித்தான் எடுத்திருக்கிறார். "இதைத்தானேடா சொன்னேன், உனக்குப் பேட்டரி போடத் தெரியலன்னு." ரப்பர் பேண்ட் விஷயத்தைச் சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

காய்கறிக் கட்டில் வந்த ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றினேன். ஒரே சார்ஜில் 142 படம், பாதிக்கு மேல் பிளாஷ், இன்னும் அணையவில்லை. வியாழக்கிழமை கிளம்புகிறோம்.

சர்வீஸ் மேசை:
நல்லது தம்பி. லென்ஸை மறைக்காத மாதிரி சுற்றுங்கள். பையில் உபரியாக இரண்டு ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள், நம் வெயிலுக்கு அது சீக்கிரம் இற்றுப்போகும்.