பயோசிக்னேச்சர்: உயிர்ச்சுவடா, உயிர்ச்சாடையா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். கேரளத்தில் உள்ள எங்கள் தமிழ்வழிப் பள்ளியின் 9-ஆம் வகுப்புக்கான பாடத்தாள் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. செவ்வாய்க் கோளில் நாசாவின் பெர்செவரன்ஸ் ஊர்தி 2024 ஜூலையில் ஜெசீரோ பெருங்குழியில் கண்ட பாறைதான் பாடம். சிறுத்தைத் தோல் போலப் புள்ளிகள். நடுவில் வெளிறி, ஓரம் கறுத்து. ஓரத்தில் இரும்பும் பாஸ்பேட்டும் இருக்கின்றன. பூமியில் இப்படிப் புள்ளிகளை நுண்ணுயிர்கள் உண்டாக்குவதுண்டு. உயிரில்லாத வேதிவினையாலும் வரலாம். உயிர் இருந்ததைக் காட்டக்கூடிய இத்தகைய அடையாளத்தை ஆங்கிலத்தில் பயோசிக்னேச்சர் என்கிறார்கள். இதற்குத் தமிழில் என்ன சொல் போட? 'உயிர்க்குறி' வேண்டாம், பிள்ளைகளுக்கு அது எழுத்தில் போடும் கொம்பும் காலும்தான்.

திருவனந்தபுரத்திலிருந்து:
டீச்சர், 'உயிர்ச்சுவடு' என்று எழுதுங்கள். நடுவில் வரும் 'ச்' என்ற ஒற்றெழுத்தை விட்டுவிடாதீர்கள். மலையாளத்திலும் சுவடு காலடிதான், உங்கள் பிள்ளைகளுக்கு உடனே புரியும். எழுத்தாணி பதித்த சுவடுகளின் தொகுதியே சுவடி என்பது என் துணிபு. சுவடு, சுவடி, சுவடித்தல் மூன்றுக்கும் வேர் ஒன்றே. விரிவாகத் தனியே எழுதுகிறேன்.

குப்பத்திலிருந்து:
ஐயா, சுவடு என்றால் நடந்தவர் ஒருவர் இருந்தாக வேண்டும். இங்கே கேள்வியே அதுதானே? அண்டார்க்டிகாவில் கிடைத்த செவ்வாய் விண்கல்லில் புழு வடிவங்கள் தெரிந்தன என்று 1996-இல் உலகமே பேசியது. அவை உயிரின் எச்சம் என்பதைப் பெரும்பாலான அறிவியலாளர்கள் ஏற்கவில்லை. எங்கள் பக்கத் தெலுங்கில் தடத்துக்கு 'ஜாட' என்பார்கள். நம் சாடையும் அதுவே. 'பிள்ளை தாத்தா சாடை' என்றால் ஒத்திருக்கிறது, அவ்வளவுதான். 'உயிர்ச்சாடை' என்று வைக்கலாம்.

திருவனந்தபுரத்திலிருந்து:
தம்பி, சாடை இரவல் சொல். சாடை பேசுவது என்றால் குத்திப் பேசுவது. பாடத்தில் வரக் கூடாது.

மூணாறிலிருந்து:
எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் மேல்படிப்புக்குத் தேனி, மதுரை என்று போகிறார்கள். அங்கே இரண்டு சொல்லும் இல்லாவிட்டால் திணறுவது அவர்கள்தான். பயோசிக்னேச்சர் என்றே எழுதி, அடைப்புக்குள் தமிழ் விளக்கம் கொடுங்கள். ஆக்சிஜனை அப்படித்தானே படிக்கிறார்கள்?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால் சுவடு பக்கம்தான் ஆள் அதிகம். சரி, 'உயிர்ச்சுவடாக இருக்கலாம்' என்று வாக்கியத்தை அமைத்து அனுப்புகிறேன்.

குப்பத்திலிருந்து:
'இருக்கலாம்' நல்லது, டீச்சர். ஆனால் தேர்வுத்தாளில் பிள்ளைகள் அதை விட்டுவிட்டு 'செவ்வாயில் உயிர்ச்சுவடு கிடைத்தது' என்று எழுதுவார்கள். அந்த ஐயம் சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்கிறேன். என் மறுப்பு நிற்கட்டும். அடுத்த அச்சுக்கு முன்னால் மறுபடி கேட்பேன். அப்புறம், சுவடித்தல் அலங்கரித்தல் அல்லவா ஐயா? அது எப்படி இதே வேர்?