வெலிங்டன் பிளேஸ் ஆட்டங்கள்: பேசின் ரிசர்வ் காற்றில் கவனிக்க வேண்டியவை

தேர்டுமேன்:
நியூசிலாந்தின் ஆறு மாகாண மகளிர் கிரிக்கெட் அணிகளில் வெலிங்டன் பிளேஸை வெறும் ஸ்கோர்கார்டை வைத்து எடைபோட முடியாது. வெலிங்டனின் பேசின் ரிசர்வ் மைதானத்தில் ஒருவர் 4 ஓவருக்கு 30 ரன் கொடுத்தார் என்றால், எந்த முனையிலிருந்து வீசினார் என்று முதலில் கேளுங்கள். அங்கே காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்தோ தெற்கிலிருந்தோதான். குளிர் வருவது தெற்கிலிருந்து, நம்ம ஊர் வாடைக்கு நேர் எதிர்.

மகளிர் பந்து 140 முதல் 151 கிராம். ஆண்கள் பந்து 156 முதல் 163. லேசான பந்தைக் காற்று சுலபமாகத் தள்ளிவிடும்.

வேகப்பந்து வீசுபவருக்கு ரன்-அப்பில்தான் முதல் சிக்கல். காற்று முதுகைத் தள்ளினால் காலடி நீளும், முன்கால் கிரீஸைத் தாண்டும், நோபால். டி20-யில் அதற்கு ஃப்ரீ ஹிட்டும் சேர்ந்து போகும். ஆகவே தொடங்கும் குறியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ள வேண்டும். எதிர்க்காற்றில் காலடி சுருங்கும், குறி முன்னால் வரவேண்டும். இரு முனைக்கும் தனித்தனிக் குறி, வார்ம்-அப்பிலேயே ஓடிப் பார்த்துப் போட்டது, இல்லாமல் இறங்கக்கூடாது. காற்று பலமாக அடிப்பதைக்கூடச் சமாளித்துவிடலாம்; ஓவர் நடுவே திடீரென ஓய்வதுதான் ஆளைக் கெடுக்கும்.

லெக்பிரேக்:
எதிர்க்காற்று முனை ஸ்பின்னருக்குத் தண்டனை என்று பலர் நினைக்கிறார்கள். மேல்சுழற்சி (டாப்ஸ்பின்) நன்றாக இருந்தால் அதுதான் வரம். எதிர்க்காற்றில் பந்து சீக்கிரம் இறங்கும். கிரீஸைவிட்டு இறங்கி வந்து அடிப்பவருக்குக் கணக்கு ஒரு முழம் தப்பும். பிளேஸின் அமீலியா கெர் மாதிரி லெக் ஸ்பின்னும், அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பும் கூக்ளியும் வீசுபவரை எந்த முனையில் கொண்டுவருகிறார்கள் என்று பாருங்கள். காற்றோடு வீசினால் இறக்கம் குறைந்து, நல்ல லென்த்துக்குப் போட்ட பந்து தரையில் படாமல் ஃபுல்டாஸாகப் போய்ச் சேரும். அப்போது வேகத்தைக் கூட்டுவது வீண். பந்தை இன்னும் குட்டையாகப் பிட்ச் செய்ய வேண்டும்.

தேர்டுமேன்:
பேட்டிங்கில் எல்லாரும் சொல்வது சோஃபி டெவைனின் 2021 ஜனவரி ஆட்டம். டனீடினில் ஒட்டாகோவுக்கு எதிராக பிளேஸுக்காக 36 பந்தில் சதம், 129 இலக்கு 8.4 ஓவரில் முடிந்தது. மகளிர் டி20-யில் அதற்கு முன் வேகமான சதம் வெஸ்ட் இண்டீஸின் டியான்ட்ரா டாட்டின் 38 பந்தில் அடித்தது. எல்லைக்கோடு சின்னது என்று சிலர் இழுப்பார்கள். மகளிர் ஆட்டத்தில் 55 முதல் 64 மீட்டர் என்பது விதி, எதிரணிக்கும் அதே கயிறுதானே!

கணக்குப்பிள்ளை:
இந்த வீராங்கனைகளுக்குச் சம்பளம் எவ்வளவு என்று ஒருவர் கேட்டிருந்தார். 2022 ஒப்பந்தத்தில் ஆட்டக் கட்டணம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமாயிற்று: உள்நாட்டு டி20 தொடரான சூப்பர் ஸ்மாஷில் ஓர் ஆட்டத்துக்கு 575 நியூசிலாந்து டாலர், ஒருநாள் ஆட்டத்துக்கு 800. ஒரு மாகாணத்துக்கு மகளிர் ஒப்பந்தங்கள் 9-இலிருந்து 12 ஆயின. ஒரு மகளிர் வீரருக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 19,146 டாலர் என்று அப்போது ஆனது, அதற்கு முன்பு 3,423. ஆனால் கட்டணம் சமம் என்பதால் வருமானமும் சமம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆண்களுக்கு நான்கு நாள் முதல்தர ஆட்டங்களும் உண்டு, நாட்களும் அதிகம். 19,146-ஐ மட்டும் நம்பி வெலிங்டனில் வாடகை கட்ட முடியாது. படிப்போ வேறு வேலையோ கூடவே ஓடும்.

ஸ்கொயர்லெக்:
ஸ்டம்புகளின் மேலிருக்கும் பெயில்ஸ் காற்றில் தானாக விழுவதைப் பார்த்து அவுட் என்று துள்ளாதீர்கள். நடுவர்கள் கனமான பெயில்ஸ் வைப்பார்கள்; அதுவும் நிற்காவிட்டால் பெயில்ஸ் இல்லாமலே ஆட விதி இடம் தருகிறது. அப்போது ஸ்டம்ப் விழுந்ததா, பந்து பட்டதா என்பது நடுவரின் தீர்ப்பு.

உயரக் கேட்சில் பந்து காற்றோடு நகரும் என்பதால் எதிரே ஓடிவருபவருக்குத்தான் முன்னுரிமை, பின்னோக்கி ஓடுபவர் விலகவேண்டும். கூப்பிடும் குரலும் காற்றில் அடிபடும், அதனால் கையையும் தூக்கிக் காட்ட வேண்டும். பார்க்கப் போகிறவர்கள் கிழக்குப் புல்மேட்டில் உட்காரலாம். வெயிலடித்தாலும் காற்றுத் தடுக்கும் மேலங்கி வேண்டும். சன்ஸ்கிரீனும் அவசியம், மேகம் இருந்தாலும் அந்த ஊர் வெயில் தோலை எரித்துவிடும்.