400 டாலர் வேலை, கைக்கு வந்தது 29,749 ரூபா. ஃபீஸ் யார் தலைல?

மதுரை_டைம்லைன்:
வணக்கம் மக்களே. வீட்லருந்து வீடியோ எடிட்டிங் பண்றேன், ஒரு ஃப்ரீலான்ஸ் சைட் மூலமா கனடா கிளையன்ட் ஒருத்தர் கிடைச்சாரு, எட்டு வீடியோ 400 அமெரிக்க டாலர்னு பேச்சு. 34,000க்கு மேல வரும்னு மனக்கணக்கு போட்டு வீட்லயும் சொல்லித் தொலைச்சுட்டேன். சைட்காரன் 10% புடிச்சான், 360 ஆச்சு. பேங்குக்கு மாத்த 2 டாலர். அன்னிக்கு கூகுள்ல டாலர் 86ன்னு காட்டுது, இவங்க போட்ட ரேட் 83.10. கடைசில 29,749 ரூபா விழுந்துச்சு. அம்மா "மிச்சம் எப்பப்பா வரும்"னு கேக்குறாங்க.

அடுத்த மாசமும் எட்டு வீடியோ வேணுமாம். ஃபீஸை நீங்க குடுங்கன்னு கேட்டா ஆளு ஓடிருவாரா? 10% ஏத்தி 440ன்னு சொன்னா சரியா வருமா? (இங்க உள்ளூர்ல ஒரு ஸ்டுடியோ கல்யாண வீடியோ எடிட் பண்ணதுக்கு 18,000 தரணும், நாலு மாசமா "நாளைக்கு"தான், அது தனி அழுகை)

கோவை_சப்டைட்டில்:
தம்பி, 440 சொன்னீங்கன்னா அதுலயும் 10% புடிப்பாங்க, 396தான் நிக்கும். 400 நிக்கணும்னா 0.9ஆல வகுக்கோணும், 445ன்னு சொல்லுங்க. ஃபீஸ்னு தனியா கேக்காதீங்க, ரேட்டுக்குள்ளயே வெச்சுருங்க, கடைக்காரர் என்ன கரன்ட் பில்லை நம்மகிட்ட தனியாவா வாங்கறாரு.

அப்பறம் கமிஷனாவது கண்ணுக்குத் தெரியுது, அந்த டாலர் ரேட்டுல போன 2.90 ரூபாயை யாரும் ஃபீஸ்னே சொல்றதில்ல. 358 டாலருக்குப் பெருக்கிப் பாருங்க, ஆயிரத்துக்கு மேல அதுலயே போயிருக்குது. பணம் எடுக்கற வழி ரெண்டு மூணு இருந்தா எந்த வழில என்ன ரேட்னு ஒரே நாள்ல பாத்து எழுதி வெச்சுக்கங்க. வாரா வாரம் எடுக்காம மாசம் ஒருக்கா எடுங்க, ஃப்ளாட் ஃபீஸ் மிச்சமாகும். நேரா ஸ்விஃப்ட்ல, அதான் பேங்க்லருந்து பேங்குக்கு வெளிநாட்டுப் பணம் அனுப்பற வழில, அனுப்பற கிளையன்ட் வந்தா "சார்ஜ் எல்லாம் அனுப்பறவரோடது" அப்படிங்கற ஆப்ஷன போடச் சொல்லுங்க, இல்லைன்னா நடுவுல இருக்கற பேங்கும் கிள்ளிக்கும். ரூபாயா மாத்தறதுக்கு ஜிஎஸ்டியும் உண்டுங்க, குறைஞ்சது 45 ரூபா.

ரெண்டரை_மணி_ரெண்டர்:
ப்ரோ ஃபீஸ விடுங்க, மணி நேரம் எண்ணுனீங்களா? நானும் இதே மாதிரி கமிஷனையே திட்டிட்டு இருந்தேன், அப்புறம் ஒரு மாசம் நோட்டுல எழுதுனேன், ஒரு வீடியோவுக்கு எடிட் அஞ்சு மணி நேரம், திருத்தம் நாலு மணி நேரம். ராத்திரி பதினொன்னே முக்காலுக்கு வாய்ஸ் நோட் வரும், "சின்ன சேஞ்ச்தான்"னு, அந்தச் சின்ன சேஞ்சுக்கு மியூசிக்க மாத்தணும், மியூசிக் மாறுனா கட்டு எல்லாமே மாறணும். ஃபோல்டர்ல ஃபைனல், ஃபைனல் 2, நெஜ ஃபைனல்னு ஏழு ஃபைல் கிடக்கும். கமிஷன் 10% தின்னுச்சுன்னா இது பாதிய தின்னுது. ரெண்டு திருத்தம் ஃப்ரீ, மூணாவதுலருந்து காசுன்னு முதல் மெசேஜ்லயே எழுதிருங்க.

அப்புறம் யாராச்சும் வந்து "சைட்டுக்கு வெளிய வாங்கிக்க"ன்னு சொல்வாங்க, பாதி சைட்ல அதுக்கு அக்கவுன்ட்டையே தூக்கிருவான், பாத்து.

கணக்கு_மாமா:
அந்த 18,000 பத்தி. உத்யம் ரிஜிஸ்ட்ரேஷன் போட்டுடுங்க, சின்னத் தொழில்களுக்கான அரசுப் பதிவு அது, காசு கிடையாது, தனி ஆளும் போடலாம். அது இருந்தா எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி எழுத்துல கெடு பேசலைன்னா 15 நாள்ல பணம் தரணும், பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல போகக் கூடாது. தாண்டினா ரிசர்வ் பேங்க்கோட பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு வட்டி, மாசா மாசம் கூட்டு வட்டி. அரசோட எம்எஸ்எம்இ போர்ட்டல்ல புகார் போடலாம். வரிக்கு முறையா கணக்கு காட்டற தொழிலா இருந்தா இன்னொரு பிடியும் இருக்கு, 2024 ஏப்ரல்லேந்து இந்தக் கெடுவுக்குள்ள தராத பணத்தை, நிஜமா குடுக்கற வருஷம் வரைக்கும் வருமான வரியில செலவா கழிக்க முடியாது, மார்ச் மாசம் அவா ஆடிட்டரே போன் பண்ணி செட்டில் பண்ணச் சொல்வார். கல்யாண ஸ்டுடியோ இதுக்கெல்லாம் பயப்படுமான்னா, சந்தேகம்தான். பொதுவா வேலைக்கு முன்னாடியே பதிவு இருக்கணும்னுதான் பார்ப்பா, அதனால பழைய பாக்கிக்கு இதை நம்ப முடியாது, அதுக்கு நேர்ல போய் உக்காரணும். வெளிநாட்டு கிளையன்ட்டுக்கும் இந்தச் சட்டம் செல்லாது.

மதுரை_டைம்லைன்:
எல்லாருக்கும் நன்றி. நானும் எண்ணிப் பாத்தேன், எட்டு வீடியோவுக்கு 70 மணி நேரம், மணிக்கு 425 ரூபா. 445 டாலர், திருத்தம் ரெண்டுன்னு அனுப்பிட்டேன். பாத்துட்டாருன்னு காட்டுது, பதில் வரல, அங்க இப்ப ராத்திரி. ஸ்டுடியோவுக்கு நாளைக்கு காலைல டிபன் சாப்ட்டு போய் உக்காரப் போறேன்.