பிராக்கேஜ் படம் பார்த்த அனுபவம்: உங்களுக்கு எப்படி இருந்தது?

அமெரிக்க பரிசோதனைப் பட இயக்குநர் ஸ்டான் பிராக்கேஜின் 'மாத்லைட்' (1963) என்ற குறும்படத்தை முதலில் பஸ்ஸில் போகும்போது போனில்தான் பார்த்தேன். பழுப்பாக ஏதோ ஓடியது. வீடியோ கெட்டுப்போயிருக்கிறது என்று மூடிவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு திரையிடலில் 16 எம்எம் புரொஜெக்டரில் போட்டார்கள். கேமராவே இல்லாமல் செய்த படம் அது. ஃபிலிம் வாங்கக் காசில்லாத நாட்களில், விளக்குக் கூட்டுக்குள் செத்துக் கிடந்த விட்டில்களின் இறக்கை, பூவிதழ், புல் எல்லாம் பொறுக்கி, ஃபிலிம் அகலத்தில் இருக்கும் இரண்டு ஒட்டும் டேப்புகளுக்கு நடுவில் வைத்து ஒட்டியிருக்கிறார். ஒரு புல் பல ஃபிரேம்களுக்கு (ஃபிலிமில் இருக்கும் தனித்தனிக் கட்டங்களுக்கு) நீண்டு கிடக்கும். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும்போது அது துடித்துக்கொண்டு விருட்டென்று போய்விடுகிறது. ஒரு இறக்கையின் நரம்பு தெரிந்த மாதிரி இருந்தது, அதற்குள் வேறொன்று. படத்துக்கு ஒலி கிடையாது. அறையில் புரொஜெக்டரின் படபட மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் அதுவே சிறகடிப்பாகக் கேட்டது. செத்த பூச்சியை மறுபடி விளக்கு முன்னாலேயே பறக்க விட்டிருக்கிறார் மனுஷன்!

சரி, உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

*

எனக்கு 'விண்டோ வாட்டர் பேபி மூவிங்' (1959). பிராக்கேஜ் தன் மனைவி ஜேனின் முதல் பிரசவத்தை எடுத்த படம். எங்களுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தபோது பார்த்தேன். ரத்தத்தைக் கண்டால் தலை சுற்றுமே என்று பயந்துகொண்டே உட்கார்ந்தேன். நினைவில் நின்றது என்னவோ நனைந்த வயிற்றின்மேல் விழும் ஜன்னல் வெளிச்சம்தான். குழந்தை பிறந்ததும் ஜேன் கேமராவை வாங்கி பிராக்கேஜின் முகத்தை எடுக்கிறார். பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் நான். அந்த முகத்தைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

(அவருடைய இன்னொரு படமான 'டாக் ஸ்டார் மேன்' பார்க்கும்போது தூங்கிவிட்டேன். மறைக்க என்ன இருக்கிறது!)

*

'மாத்லைட்' பார்த்த வேகத்தில் நானும் இறங்கினேன். வெறும் 16 எம்எம் ஃபிலிமில் செம்பருத்தி இதழையும் வேப்பிலையையும் டேப் போட்டு ஒட்டி, இரவல் புரொஜெக்டரில் மாட்டினேன். நாலு விநாடி ஓடியிருக்கும். தடிமன் தாங்காமல் சிக்கிக் கிழிந்தது. பிராக்கேஜ் ஒட்டிய சுருளை அப்படியே ஓட்டவில்லை, லேபில் பிரிண்ட் போட்டுத்தான் திரையிட்டார் என்பதை அப்புறம்தான் படித்தேன். புரொஜெக்டருக்குள் போன வேப்பிலைத் தூளைப் பழைய டூத் பிரஷ்ஷால் எடுத்து முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போனது. திருப்பிக் கொடுத்தபோது நண்பர் மோந்து பார்த்துவிட்டு, "என்னடா, வேப்பெண்ணெய் போட்டியா?" என்றார்.